பச்சை விளக்கு சாட்சி ஆகாது

"அண்ணே, லைட் எரியுது பாருங்க. வேலை முடிஞ்சுது." இருபது வருடமாக நெட்வொர்க் கேபிள் வேலை பார்க்கிறேன், என்னோடு வரும் தம்பிகளிடமிருந்து இந்த வார்த்தையைக் கேட்காத வாரம் இல்லை. கனெக்டர் வாங்கப் போனால் கடைக்காரர், "ஆர்.ஜே.45 தானே, எல்லாம் ஒண்ணுதான், நூறு பீஸ் பாக்கெட் போட்டுடவா?" என்கிறார். பில்லைப் பார்க்கும் அலுவலக மேலாளர், "கேபிள் நல்ல கம்பெனி போட்டாச்சே சார், முனையில மாட்டுற பிளாஸ்டிக்குக்கு எதுக்கு இவ்வளவு?" என்கிறார்.

மூன்று பேரும் சொல்வது ஒன்றுதான். கேபிள் தரமாக இருந்தால் போதும், கனெக்டர் எதுவானாலும் ஓடும். தொழிலில் இருப்பவர்கள், பணம் கொடுப்பவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவர்கள் என எல்லோரிடமும் இது ஊறிப்போயிருக்கிறது. இது தவறு. தவறு என்பதோடு, இன்று நாம் சுவருக்குள் புதைக்கும் கேபிளின் ஆயுளையே தின்னும் தவறு.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இது ஏறக்குறைய உண்மையாகத்தான் இருந்தது. 1990-இல் 10 மெகாபிட் ஈதர்நெட் முறுக்குக் கம்பியில் ஏறியது. 1995-இல் 100 மெகாபிட் வந்தது. இரண்டுமே கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளில் இரண்டை மட்டுமே பயன்படுத்தின. 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் தொட்டால் போதும். ஒரு ஜோடி அனுப்பும், ஒரு ஜோடி வாங்கும். மற்ற நான்கு கம்பிகள் அறுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த வேகத்துக்கு சுமாரான கனெக்டர், சுமாரான கிரிம்பிங் எல்லாம் செல்லுபடியானது. நம் ஊரில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட முதல் தலைமுறை அந்தக் காலத்தில்தான் கை பழகியது. நானும் அப்படித்தான் பழகினேன்.

1999-இல் முறுக்குக் கம்பிக்கான ஜிகாபிட் தரநிலை வந்தபோது கணக்கே மாறிவிட்டது. நான்கு ஜோடிகளும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நேரத்தில் போவதும் வருவதும் நடக்கிறது. தான் அனுப்பியதன் எதிரொலியைக் கழித்துவிட்டு, எதிர்முனையிலிருந்து வரும் மெலிந்த குரலைச் சாதனம் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. 2003-இல் அதே கம்பியில் மின்சாரமும் ஏறியது. முதலில் 15.4 வாட், 2009-இல் 30 வாட், 2018-இல் வந்த தரநிலையில் ஸ்விட்ச் போர்ட்டிலிருந்து 90 வாட் வரை. ஆக, நான்கு பின்கள் ஏனோதானோவென்று தொட்டால் போதும் என்றிருந்த கனெக்டரின் மேல் எட்டுப் பின்களின் நுட்பமும் மின்சாரச் சுமையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. வேலை மாறிவிட்டது. கனெக்டர் பற்றிய நம் எண்ணம் மட்டும் 1995-லேயே நின்றுவிட்டது.

பெயரும் நம்மைக் கெடுத்திருக்கிறது. ஆர்.ஜே.45 என்பது உண்மையில் அமெரிக்கத் தொலைபேசி இணைப்பு ஒன்றுக்கு வைத்த பதிவுப் பெயர். நாம் கையில் வைத்திருப்பதன் சரியான பெயர் 8பி8சி: எட்டு இடம், எட்டுத் தொடுமுனை. அந்தப் பெயர் வெளிவடிவத்தை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் தகடு எந்த வகை, கம்பி நுழையும் துளை எவ்வளவு, பொன்முலாம் எவ்வளவு, எந்த அலைவரிசை வரை தாங்கும் என்று எதையும் அது சொல்வதில்லை. ஒரே துளையில் நுழைகிறது என்பதால் எல்லாம் ஒரே பொருள் என்று முடிவுகட்டினால், பூட்டுக்குள் போகும் எல்லாச் சாவியும் ஒன்று என்பதுபோல் ஆகிவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்த இடம் ஒரு கிடங்கு. கடலிலிருந்து அதிகத் தூரம் இல்லை. அங்கே இரண்டு கேமராக்கள் தினமும் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் அணைந்து அணைந்து எழுந்தன. பகலெல்லாம் ஒரு குறையும் இல்லை. கேமராவை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்விட்சை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பதிவுப் பெட்டியைக்கூட மாற்றிவிட்டார்கள். யாரும் கனெக்டரைத் தொடவில்லை. லைட்தான் எரிகிறதே!

இருட்டினால் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றும். அந்த நொடியில் அது இழுக்கும் மின்சாரம் கூடும். பகலில் நூலிழை அளவு தொட்டுக்கொண்டிருந்த முனை, கூடுதல் சுமை வந்ததும் தாங்கவில்லை; மின்னழுத்தம் சரிந்தது, கேமரா விழுந்து எழுந்தது. கூரைக்கு அடியில் ஏணியில் நின்று கனெக்டரை வெட்டி எடுத்து, கீழே வந்து கத்தியால் பிளந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எட்டுத் தகடுகளில் இரண்டின் விளிம்பு கறுத்திருந்தது. ஒரு தகடு கம்பியின் மேல் நேராக உட்காராமல் ஒரு பக்கமாகச் சரிந்து, செம்பின் ஓரத்தை உரசிக்கொண்டு மட்டும் நின்றிருந்தது. கேபிளின் வெளியுறை கனெக்டருக்குள் நுழையவே இல்லை. உறையைப் பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் நாக்கு, உரித்த கம்பிகளின் மேலேயே இறங்கி அழுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கனெக்டரை இன்னும் என் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகிறேன்.

அந்தத் தகடு ஏன் சரிந்தது? சுவருக்குள்ளும் குழாய்க்குள்ளும் ஓடும் கேபிளில் கம்பி ஒற்றைச் செம்பாக, முழுசாக இருக்கும். ரேக்கிலும் மேசையிலும் வளைந்து நெளியும் பேட்ச் கார்டில் கம்பி பல மெல்லிய இழைகளின் திரியாக இருக்கும். திரிக்கம்பிக்கான தகடு நடுவில் குத்தி இழைகளுக்குள் இறங்கும்படி செய்யப்பட்டது. முழுக்கம்பிக்கான தகட்டில் பற்கள் இடம் வலமாக விலகி, கம்பியை இரு பக்கமும் கவ்வி நிற்கும். திரிக்கம்பிக்கான கனெக்டரை முழுக்கம்பியில் அடித்தால், குத்த இடமில்லாத பல் கம்பியின் முதுகில் மோதி வழுக்கும். அடித்த அன்று தொடும், லைட்டும் எரியும். வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, சில நூறு முறை விரிந்து சுருங்கிய பிறகு பிடி தளரும். கிடங்கில் நடந்தது அதுதான்.

அடுத்தது பருமன். கேட்-5இ கேபிளில் காப்புறையோடு சேர்ந்த ஒரு கம்பி ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். கேட்-6-இல் அது ஒரு மில்லிமீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். கனெக்டரில் தகடுகளுக்கு இடையே உள்ள தூரமோ 1.02 மில்லிமீட்டர்தான். அதனால்தான் பல கேட்-6 கனெக்டர்களில் துளைகள் ஒரே வரிசையில் இல்லாமல், மேலே ஒன்று கீழே ஒன்று என மாறி மாறி வருகின்றன. சிலவற்றில் கம்பிகளைக் கோத்துச் செருகத் தனித்துண்டு ஒன்றும் வருகிறது. கேட்-6 கம்பியைக் கேட்-5இ கனெக்டருக்குள் திணிப்பவர் என்ன செய்கிறார்? நுழையவில்லை என்று முறுக்கை இன்னும் நீளமாகப் பிரிக்கிறார். பிரித்த நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது கட்டமைப்பு விதி. முறுக்குதான் ஒரு ஜோடியின் சத்தம் பக்கத்து ஜோடிக்குள் கசியாமல் காக்கிறது. 250 மெகாஹெர்ட்ஸ் தாங்கும் என்று காசு கொடுத்து வாங்கிய கேபிளின் குணத்தை, கடைசி ஒரு அங்குலத்தில் நாமே பிடுங்கி எறிகிறோம்.

இங்கே எதிர்த்தரப்பு தன் பெரிய ஆதாரத்தை எடுத்து வைக்கும்: "டெஸ்டர்ல எட்டும் வரிசையா எரிஞ்சுதே!" அந்தச் சின்ன டெஸ்டர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கம்பி அறாமல் போகிறதா? அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று பார்க்க அழகாக வரிசையாக அடியுங்கள். டெஸ்டர் எட்டு விளக்கையும் ஒழுங்காகக் காட்டும். ஆனால் 3-ஆவது பின்னும் 6-ஆவது பின்னும் ஒரே ஜோடியாக முறுகியிருக்க வேண்டும். இந்த வரிசையில் வெள்ளை-பச்சை ஒரு ஜோடியிலிருந்தும் நீலம் இன்னொரு ஜோடியிலிருந்தும் வந்து நிற்கின்றன. முறுக்கின் பாதுகாப்பே போய்விட்டது. இரண்டு மீட்டரில் ஓடலாம். நாற்பது மீட்டரில் திணறும். விளக்கு மட்டும் எட்டும் எரியும். பொருந்தாத கனெக்டரும் இப்படித்தான் டெஸ்டரை ஏமாற்றும். கசிவையும் எதிரொலியையும் அலைவரிசை வாரியாக அளந்து சொல்ல வேறு கருவி வேண்டும். அதை எல்லோராலும் வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அளக்க முடியாதவன்தான் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஸ்விட்சில் எரியும் லைட்டின் சாட்சியும் இதே லட்சணம்தான். ஜிகாபிட் போர்ட்டில் 4, 5, 7, 8 பின்களில் ஒன்று தொடாவிட்டால் பல சாதனங்கள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். லைட் எரியும், சில ஸ்விட்சுகளில் நிறம்தான் மாறும். ஜிகாபிட் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு பத்தில் ஒரு பங்கு வேகத்தில் காலம் தள்ளும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். நெட் கொடுப்பவரைத் திட்டுவார்கள்; குறை சுவரோரக் கனெக்டரில் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு எண்ணமும் சந்தையில் இருக்கிறது. பார்ப்பதற்கு அக்கறை போலத் தோன்றும், ஆனால் இதே அலட்சியத்தின் மறுபக்கம் அது. "எதுக்கு வம்பு, பெரிய நம்பரா வாங்கிடு. கேட்-7, ஷீல்டு, தங்க முலாம்." தேர்ந்தெடுக்கும் வேலையைத் தட்டிக்கழித்துவிட்டு விலையிடம் ஒப்படைப்பது இது. கேட்-7 பன்னாட்டுத் தரநிலையில் உண்டு. ஆனால் அதன் முழுத் திறனுக்கு வகுத்த கனெக்டர் வேறு வடிவம். நாம் அன்றாடம் மாட்டும் வடிவத்தில் 'கேட்-7' என்று அச்சடித்து வருவதை முனையில் போட்டால், அந்த இணைப்பு அந்தத் திறனை எட்டாது. அமெரிக்க டி.ஐ.ஏ. தரநிலை கேட்-7-ஐ ஏற்கவே இல்லை. பத்து ஜிகாபிட்டை நூறு மீட்டருக்குக் கொண்டுபோக கேட்-6ஏ போதும்.

ஷீல்டு கனெக்டரும் அப்படித்தான். கேபிளில் ஷீல்டு இருந்து, அந்த உலோக உறை கனெக்டரின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் தொட்டு, அங்கிருந்து ஜாக், பேனல், ரேக் வழியாக எர்த் வரை தொடர்ச்சி இருந்தால்தான் அதற்குப் பொருள். ஷீல்டு இல்லாத கேபிளில் ஷீல்டு கனெக்டர் மாட்டுவது வெறும் பளபளப்பு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஷீல்டு கேபிள் இழுத்து, இரண்டின் எர்த்தும் வேறு வேறு நிலையில் இருந்தால், ஷீல்டிலேயே மின்சாரம் ஓடத் தொடங்கும். அந்த இடத்தில் செம்பையே விட்டுவிட்டு ஃபைபர் போடுவதுதான் முறை.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கெட்டில் '50 மைக்ரான் தங்கம்' என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். உண்மையான அளவு 50 மைக்ரோ-இஞ்ச், அதாவது 1.27 மைக்ரான். நாற்பது மடங்கு வித்தியாசம். இந்த 1.27 மைக்ரான் அற்பமானதல்ல. மலிவான கனெக்டரில் பேருக்குத் தடவிய முலாமில் நுண்துளைகள் இருக்கும். கடற்கரை ஊரின் உப்புக் காற்று அதன் வழியே அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டரைப் பிடுங்கினால் தொடுமுனையில் சின்னப் பொறி பறக்கும். மெல்லிய முலாம் அதில் பொசுங்கும். சுமையோடு கழற்றினாலும் கனெக்டர் தாங்குகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஐ.இ.சி. 60512-99-001 என்ற சோதனைமுறை இருக்கிறது. கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் மின்சாரம் போகும் கம்பியில் அந்தச் சோதனையில் தேறிய கனெக்டரைக் கேட்டு வாங்குவது ஆடம்பரம் ஆகாது.

"காசு எங்கே சார்?" என்பார்கள். நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். சரியாக அழுந்தாத மலிவுக் கனெக்டரில் தகடு உயர்ந்து நிற்கும். அதை ஸ்விட்ச் போர்ட்டில் செருகும்போது உள்ளே இருக்கும் மெல்லிய வில்கம்பிகளை அது நிரந்தரமாக வளைத்துவிடும். பிறகு நல்ல கனெக்டரைச் செருகினாலும் அந்த போர்ட் பிடிக்காது. சில ரூபாய்ப் பொருள் பல ஆயிரம் ரூபாய் ஸ்விட்சில் ஒரு கண்ணைக் குருடாக்கிவிட்டுப் போகிறது. பழுது பார்க்க ஒருமுறை ஆள் வரும் கூலியில் பல பத்து நல்ல கனெக்டர்கள் வாங்கலாம். மிச்சம் பிடிப்பது யார், இழப்பது யார் என்பதையும் பாருங்கள். மிச்சம் ஒப்பந்தக்காரருக்கு, அன்றைக்கு. இழப்பு அந்த இடத்தை நடத்துபவருக்கு, ஆண்டுக்கணக்கில்.

ஓட்டைக் கனெக்டர் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பி முன்பக்கம் வெளியே வந்து, அடிக்கும்போதே கருவி அதை அறுத்துவிடும் வகை. வரிசை சரியா என்று கண்ணால் பார்க்கலாம், வேகமாக முடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அறுத்த இடத்தில் எட்டுச் செம்பு முனைகளும் முகப்பிலேயே திறந்து நிற்கின்றன. கத்தி மழுங்கினால் முனை பிசிறடித்து நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கம்பியைத் தொடவும் கூடும். மின்சாரம் ஏற்றும் இணைப்பில் இந்த ஆபத்தை நான் ஏற்கமாட்டேன். போடத்தான் வேண்டும் என்றால் அந்தக் கனெக்டருக்கு உரிய கருவியையே பயன்படுத்துங்கள். கத்தியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

எங்கே எதிர்த்தரப்பு சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ரவுட்டரிலிருந்து ஐந்து மீட்டரில் இருக்கும் டி.வி.க்கு எந்தக் கனெக்டர் போட்டாலும் படம் ஓடும். என் வீட்டிலும் பழைய கேபிள் ஒன்று அப்படி ஓடுகிறது. அது அந்த ஐந்து மீட்டரின் தயவு. அதை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் விதி எழுத முடியாது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் கேபிளிலிருந்து தொடங்குகிறேன். அதன் உறையில் அச்சிட்டிருப்பதை முழுதாக வாசிக்கிறேன்: எந்த வகை, முழுக்கம்பியா திரிக்கம்பியா, 23 கேஜா 24 கேஜா, ஷீல்டு உண்டா. 'சி.சி.ஏ.' என்றிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். அது செம்பு பூசிய அலுமினியம். எந்தத் தரநிலையும் அதை ஏற்பதில்லை. அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல விலகிக்கொடுக்கும் என்பதால், எவ்வளவு நல்ல கனெக்டராலும் அதை நெடுநாள் பிடித்துவைக்க முடியாது. பிறகு கனெக்டர் பாக்கெட்டை வாசிக்கிறேன்: எந்தக் கம்பிக்கு, எவ்வளவு காப்புறைப் பருமனுக்கு, எவ்வளவு வெளியுறைப் பருமனுக்கு. இவை எதுவும் போடாத பாக்கெட்டை வாங்குவதில்லை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த இடத்தில் பிளக் அடிக்கத்தான் வேண்டுமா? சுவருக்குள் ஓடும் கேபிளின் இரு முனையிலும் பிளக் அடித்து நேராகச் சாதனத்தில் செருகுவது நம் ஊர் வழக்கம். முறை அதுவல்ல. புதைத்த கேபிள் 90 மீட்டருக்குள், ஒரு பக்கம் பேட்ச் பேனலிலும் மறுபக்கம் சுவரில் உள்ள ஐ.ஓ. பெட்டி ஜாக்கிலும் பஞ்ச் செய்து முடிய வேண்டும். அங்கிருந்து சாதனத்துக்கு, ஆலையில் செய்து சோதித்து வரும் திரிக்கம்பி பேட்ச் கார்டு. இரு பக்கமும் சேர்த்து அது 10 மீட்டர். ஜாக்கின் பின்புறம் முழுக்கம்பியைக் கவ்வுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆட்டமும் இழுப்பும் பேட்ச் கார்டோடு நின்றுவிடும். கெட்டால் கார்டை மட்டும் மாற்றலாம். கூரைக் கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் ஜாக் வைக்க இடமில்லை என்றால், அந்த ஒரு முனையில் மட்டும் பிளக் போட 2018-இன் டி.ஐ.ஏ. தரநிலை இடம் தருகிறது. அந்த இடத்தில்தான் முழுக்கம்பிக்கு உரிய, உறையை இறுகப் பிடிக்கும் நல்ல கனெக்டர் தேவை. அதிர்வும் தண்ணீரும் உள்ள இடத்தில் இந்த வடிவமே வேண்டாம். ரயில் பெட்டியிலும் ஆலை இயந்திரத்திலும் திருகிப் பூட்டும் எம்12 கனெக்டர் போடுவது சும்மா இல்லை. பிளாஸ்டிக் நாக்கு ஒன்றின் பிடியை நம்பி அங்கே வேலை செய்ய முடியாது.

கிடங்கில் அன்று கேமராப் பக்கம் சரியான கனெக்டர் போட்டு, ரேக் பக்கம் ஜாக்கில் முடித்துவிட்டு, உடனே கிளம்பவில்லை. லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது காலையிலும் எரிந்தது. வெளியே டீ குடித்துவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். ஆறரைக்கு அகச்சிவப்பு விளக்குகள் ஏறின. படம் கறுப்பு வெள்ளைக்கு மாறி அப்படியே நின்றது. ஏழரை வரை பார்த்தேன். அதற்குப் பிறகுதான் என்னோடு வந்த தம்பி, "அண்ணே, இப்ப முடிஞ்சுது" என்றான்.